பதினோரு ரூபாயில் நின்ற பள்ளிக்கூடம்

ஊரிடம் காசு கேட்கப் போகிறவர்கள் அதற்குத் தயாராக இருக்கிறார்களா என்று பார்த்துச் சொல்வது என் தொழில். இப்படியும் ஒரு தொழிலா என்று என் மாமனாரே கேட்டிருக்கிறார். உண்டு. சம்பளமும் உண்டு.

நகரத்தில் ஓர் அறக்கட்டளை. அவர்கள் விதி சுருக்கமானது. ஆகிற செலவில் பாதியை நீங்கள் ஊரில் திரட்டுங்கள், மீதிப் பாதியை நாங்கள் தருகிறோம். திரட்டத் தெரியாதவர்களுக்கு வாக்குக் கொடுத்தால் அந்தப் பணம் வருஷக்கணக்கில் முடங்கும். அதனால் முதலில் ஓர் ஆள் போய்ப் பார்ப்பான். எதற்குக் கேட்கிறார்கள், யாரிடம் கேட்கிறார்கள், எப்படிக் கேட்கிறார்கள், வாங்கிய பிறகு என்ன செய்கிறார்கள் என்று விசாரிப்பான். 'தயார்' அல்லது 'தயாரில்லை' என்று எழுதுவான். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பல்லாவரத்திலிருந்து கோவளம் வரைக்கும் அந்த ஆள் நான்.

குடியிருப்போர் சங்கம், கோயில் திருப்பணி, பள்ளி ஆண்டு விழா என்று எதிலாவது மாட்டிக்கொண்டு, ரசீதுப் புத்தகத்தோடு அடுத்தவர் வீட்டுக் கேட்டின் முன்னால் நின்றவர்கள் மேலே படிக்கலாம். மணி அடித்ததும் உள்ளே டி.வி. சத்தம் சட்டென்று குறைவதைக் கேட்டிருப்பீர்கள். உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. போன இடங்கள் நிறைய. ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

ஒரு கேள்வி, ஐந்து பதில்

செம்பாக்கம் ஏரிக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு வாடகை வீடு. அதில் காது கேளாத சின்னப் பிள்ளைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கும் பள்ளி. இருபத்துமூன்று பிள்ளைகள். நடத்துகிறவர் வசந்தா டீச்சர், ஐம்பதை நெருங்கியவர். வீட்டுக்காரர் மே மாதத்தோடு காலி செய்யச் சொல்லிவிட்டார். வேறு வீடு கிடைக்கவில்லை. பிள்ளைகள் சத்தம் போடுவார்கள் என்று எல்லோரும் மறுத்துவிட்டார்களாம். சொந்தமாக ஒரு மனையும் இரண்டு அறையும் வேண்டும். பொங்கல் கழிந்த வாரம் நான் பார்க்கப் போனேன்.

என் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். பணம் எதற்கு? நிர்வாகக் குழுவில் ஐந்து பேர். எல்லோரும் அஸ்தினாபுரம் காலனிக்காரர்கள். நல்ல மனிதர்கள். ஒவ்வொருவரையும் தனியாகக் கேட்டேன். தலைவர் ராகவன் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் இருந்து ஓய்வு பெற்றவர். உள்கட்டமைப்பு மேம்பாட்டுக்கு என்றார். ஒருவர் வேன் வாங்க என்றார். இன்னொருவர் ஆண்டு விழாவுக்கு என்றார். பொருளாளர், கையிருப்பு எப்போதுமே நல்லதுதானே என்றார். ஐந்தாமவர், தலைவர் என்ன சொன்னார் என்று என்னையே கேட்டார்.

டீச்சர் வகுப்பில் இருந்தார். ஒரு பையன் ஒரு கையை டீச்சரின் தொண்டையில் வைத்து, இன்னொரு கையைத் தன் தொண்டையில் வைத்து 'ம்' சொல்லப் பழகிக்கொண்டிருந்தான். தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து ஒரு விமானம் கூரைக்கு மேலே போயிற்று. நான் காதைப் பொத்திக்கொண்டேன். பிள்ளைகள் பெஞ்சின் மேல் கையை வைத்து அதிர்வைப் பார்த்துச் சிரித்தார்கள். சத்தம் அடங்கியதும் என் கேள்வியை டீச்சரிடம் கேட்டேன். ஜூன் மாதம் இந்தப் பிள்ளைகள் உட்கார ஓர் இடம் வேண்டும், பாதியில் நிறுத்தினால் வந்த பேச்சும் போய்விடும் என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

வெளியே வந்ததும் ராகவன் என்னைத் தனியாக அழைத்துப் போய், மன்னிப்புக் கேட்கும் குரலில் சொன்னார்: "அவங்க சொன்னதை எழுதிக்காதீங்க சார். டீச்சருக்கு நிர்வாகம் தெரியாது."

மூன்று பக்கக் கடிதம்

ஏற்கெனவே முந்நூறு பேருக்குக் கடிதம் அனுப்பிவிட்டதாக ராகவன் பெருமையாகச் சொன்னார். ஒரு பிரதி வாங்கிப் பார்த்தேன். சைக்ளோஸ்டைலில் மூன்று பக்கம். மேலே 'பொருள்'. அதன் கீழே 'பார்வை' என்று போட்டு இரண்டு கடித எண்கள். 'மேற்படி பொருள் தொடர்பாகத் தங்கள் மேலான கவனத்திற்குக் கொண்டுவருவது யாதெனில்' என்று தொடங்கி, சங்கம் பதிவான விவரம், நிர்வாகிகள் பெயர், பொதுக்குழுவின் தீர்மானம் எல்லாம் இருந்தது. மூன்றாம் பக்கத்தின் அடியில், 'இயன்ற உதவி செய்யுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்'. யார் கேட்கிறார், எதற்குக் கேட்கிறார், எவ்வளவு கேட்கிறார், பணத்தை எப்படி அனுப்புவது என்று எங்கும் இல்லை. காது கேளாத பிள்ளைகள் என்ற சொல் இரண்டாம் பக்கத்தில் ஒரே ஒரு இடத்தில், அதுவும் அடைப்புக்குறிக்குள்.

பதில் வந்ததா என்று கேட்டேன். இரண்டு வந்திருந்தது. ஒருவர் பதிவுச் சான்றிதழின் நகல் கேட்டிருந்தார். மற்றவரும் ஓய்வு பெற்ற அரசு ஊழியராகத்தான் இருக்க வேண்டும். பார்வை இரண்டில் கண்ட கடிதம் தமக்கு இதுவரை கிடைக்கப்பெறவில்லை என்று எழுதியிருந்தார்.

அரைப் பக்கமாகச் சுருக்குங்கள் என்றேன். ராகவன் அங்கேயே பேனாவைத் திறந்து பத்து நிமிஷம் பார்த்தார். 'மேலான' என்ற சொல்லை மட்டும் அடித்தார். பிறகு அதையும் திரும்பப் போட்டுவிட்டார். இதைப் படித்து யார் சார் காசு கொடுப்பார்கள் என்று கேட்டேன். நான் மரியாதையாகக் கேட்கவில்லை. அவர் மரியாதையாகவே பதில் சொன்னார்: "முப்பத்திநாலு வருஷ சர்வீஸ்ல நான் எழுதின எந்த லெட்டருக்கும் யாரும் காசு குடுத்ததில்ல சார். ஆனா ஒண்ணுலகூட யாரும் தப்பு கண்டுபிடிச்சதில்ல."

மஞ்சள் தடவிய முதல் பக்கம்

பிப்ரவரியில் வீடு வீடாகப் போய் வசூல் செய்யத் தொடங்கினார்கள். நல்ல நாள் பார்த்து, நீளமான புது நோட்டு வாங்கி, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு, தலைவர் தம் கையால் முதல் வரி எழுதினார். பெயர், முகவரி, பதினோரு ரூபாய். அடக்கமாகத் தொடங்க வேண்டும், தொடக்கம் மங்களகரமாக இருந்தால் போதும் என்பது அவர் எண்ணம். அவர் உங்களைக் கேட்டிருந்தால் பாதிப் பேர் சரி என்றுதான் சொல்லியிருப்பீர்கள்.

நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடவே போனேன். பார்ப்பது என் வேலை. டீச்சர் முன்னால், ராகவன் நோட்டோடு பின்னால். முதல் வீட்டில் ஒரு என்ஜினீயர். விஷயத்தைக் கேட்டார். உள்ளே போய் நூறு ரூபாய்த் தாளோடு வந்தார். நோட்டை வாங்கி மேலே இருந்த பெயரையும் தொகையையும் ஒருமுறை பார்த்தார். நூறை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பத்து ரூபாய்த் தாள் ஒன்றை எடுத்தார். ஒரு ரூபாய்க்கு மனைவியைக் கூப்பிட்டார். அடுத்த வீட்டிலும் பதினொன்று. அதற்கடுத்த வீட்டிலும் பதினொன்று. மத்தியானத்துக்குள் இரண்டு தெரு முடிந்தது. நோட்டின் வலது ஓரம் ஒன்றுக்குக் கீழ் ஒன்று குச்சி நட்டு வைத்த மாதிரி இருந்தது. டீச்சர் செருப்பு வார் அறுந்து கையில் பிடித்துக்கொண்டு நடந்தார். இந்தக் கணக்கில் போனால் மனைக்குக் கம்பி வேலி போடக்கூடக் காணாது. அது அவருக்கும் தெரிந்துதான் இருந்தது.

கடைசியாகப் போன வீட்டில் வங்கியில் வேலை பார்க்கும் ஓர் அம்மாள். வசதியானவர். மனசும் உள்ளவர். டீச்சருக்கு நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, பிள்ளைகளைப் பற்றி அரை மணி நேரம் விசாரித்தார். பிறகு பதினொன்று எழுதினார். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஏனம்மா பதினொன்று என்று கேட்டுவிட்டேன். அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தலைவரே பதினொண்ணு எழுதியிருக்கார். நான் அதுக்கு மேல எழுதினா அவருக்கு அவமரியாதை இல்லையா?"

தயாரில்லை

அறிக்கையை எழுதினேன். தயாரில்லை. காரணம் நாலு வரி. பிரதியை டீச்சர் கையில் கொடுத்தேன். என்ன செய்தால் தயாராகலாம் என்று அவர் கேட்டார். சொல்வது என் வேலை இல்லை, பார்ப்பதுதான் என் வேலை என்றேன். அறக்கட்டளையின் விதி அப்படித்தான். கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்லியிருப்பேன். அவர் அழவில்லை, கோபப்படவில்லை. சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார். அடுத்து எப்போது வர முடியும் என்று கேட்டார். மார்ச் கடைசியில் என்றேன். சாக்பீஸை எடுத்து அந்தத் தேதியைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதிக்கொண்டே சொன்னார்: "அதுக்குள்ள ஒரே ஒரு விஷயத்தையாவது சரி பண்ணிடறோம் சார். எதைன்னு நீங்க சொல்ல வேண்டாம்."

வீட்டில் யாரும் இல்லை

அவர் கண்டுபிடித்த விஷயம் சரியானதுதான். என் படிவத்தின் கடைசிக் கேள்வி அது. வாங்கிய பிறகு என்ன செய்கிறீர்கள்?

பள்ளிக்கு முந்தைய வருஷங்களில் சின்னச் சின்ன உதவி செய்தவர்கள் அறுபது பேருக்கு மேல் இருந்தார்கள். ரசீதின் அடிக்கட்டைகள் ஒரு தகரப் பெட்டியில் கிடந்தன. அவர்களுக்கு நன்றி சொன்னீர்களா என்று முதல் நாளே கேட்டிருந்தேன். ரசீதிலேயே 'நன்றியுடன் பெற்றுக்கொண்டோம்' என்று அச்சடித்திருக்கிறதே என்றார் ராகவன். மார்ச் கடைசியில் நான் போனபோது டீச்சர் அந்த அடிக்கட்டைகளைத் தெருவாரியாகப் பிரித்து நூல் போட்டுக் கட்டி வைத்திருந்தார். நாலு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு குரோம்பேட்டைக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன். பார்ப்பது தப்பில்லை.

முதல் வீட்டில் மணி அடித்தோம். டி.வி. சத்தம் நின்றது. ஜன்னல் திரை ஓர் அங்குலம் விலகி மூடியது. பிறகு உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், வீட்டில் யாரும் இல்லை என்றது. டீச்சர் நாலு பேரில் ஒரு பையனைக் கதவுக்கு முன்னால் நிறுத்தி, முதுகில் மெல்லத் தட்டினார். தொண்டையில் கை வைத்து 'ம்' பழகினானே, அவன்தான். அவன் முகத்தைச் சுருக்கி, கழுத்து நரம்பு புடைக்க, "நன்-றி" என்றான். கதவுக்குப் பின்னால் சத்தமில்லை. மறுபடி சொன்னான். கேட்கவில்லை என்று நினைத்துவிட்டானோ என்னவோ, மூன்றாம் முறை தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னான். கதவு திறந்தது.

கேட்க வரவில்லை, சொல்லத்தான் வந்தோம் என்று டீச்சர் விளக்கினார். இரண்டு வருஷத்துக்கு முன் அந்த வீட்டுக்காரர் கொடுத்த பணத்தில் வாங்கிய கண்ணாடி முன்னால் உட்கார்ந்துதான் இந்தப் பையன் வாயசைவு பார்த்துப் பழகினான் என்றார். அந்த அம்மாள் பையனைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். வெட்கம் வந்துவிட்டது. "மன்னிச்சுக்குங்க டீச்சர். வாங்கிட்டுப் போனவங்க யாரும் மறுபடி இந்தப் பக்கம் சும்மா வந்ததில்லை. அதான் பயந்துட்டேன்."

பதிவுத் தபால்

ஏப்ரல் வந்துவிட்டது. நான் விதியைக் கொஞ்சம் வளைத்தேன். இதுவரை யாரிடமெல்லாம் கேட்கவில்லை என்று ராகவனைக் கேட்டேன். காலனி முழுவதும் ஆயிற்று, குரோம்பேட்டையில் தெரிந்தவர்கள் ஆயிற்று என்றார். செம்பாக்கத்தின் பழைய ஊர்ப் பக்கம்? ஏழு பிள்ளைகள் அங்கிருந்து வருகிறார்களே? ராகவன் தயங்கினார். அவர்களோடு பழக்கமில்லை என்றார். அவர்களில் பெரிய ஆள் யார் என்றேன். பள்ளி இருக்கும் வீட்டின் சொந்தக்காரர் கன்னியப்பன்தான் என்றார். காலி செய்யச் சொன்னவர். அவரிடம் எப்படிக் கேட்பது என்றார். நான் ஸ்கூட்டரைக் கிளப்பினேன். டீச்சர் பின்னால் உட்கார்ந்தார். ராகவன் சைக்கிளில் வந்தார்.

கன்னியப்பன் மெயின் ரோட்டில் செங்கல், மணல், ஜல்லி வியாபாரம். ஒரு காலத்தில் ஏரித் தண்ணீரில் நெல் போட்ட குடும்பம். இப்போது அந்த நிலத்தில் வெள்ளைக் கல் நட்டு மனை விற்கிறது. எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். சோடா வரவழைத்தார். வீட்டுக்கு ஆள் வந்து முன்பணம் வாங்கியாகிவிட்டது, சொன்ன சொல்லை மாற்ற முடியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அதில் சண்டை போட எதுவும் இல்லை. டீச்சர் சரி என்றார். வேறு இடத்துக்குத்தான் உதவி கேட்டு வந்தோம் என்றார்.

அப்போது கன்னியப்பன் மேஜையின் இழுப்பறையைத் திறந்து ஒரு கட்டு உறையை எடுத்துப் போட்டார். எல்லாம் பதிவுத் தபால். எல்லாம் வீட்டு விஷயமாக ராகவன் எழுதியவை. ஒன்றிலும் தப்பு இருந்திருக்காது. கன்னியப்பன் ராகவனைப் பார்த்துக் கேட்டார்: "போஸ்ட்மேன் வந்தாலே எம் பொண்டாட்டி ஏதோ கோர்ட்டுக் கேசுன்னு பயந்துகினு கீறா. நாலு தெரு தள்ளிக்கீற ஆளுக்கு இன்னாத்துக்கு சார் ரிஜிஸ்டர் தபாலு? ஒரு தபா நடந்து வந்தா ஆவாதா?"

இரண்டாவது நோட்டு

வந்ததற்கு எழுதித்தான் அனுப்புவேன் என்று நோட்டைக் கேட்டார் கன்னியப்பன். ராகவன் நீட்டினார். அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பதினொன்று, பதினொன்று, பதினொன்று. ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றவே நாங்கள் இதைவிட அதிகம் எழுதுவோம் என்று சொல்லி நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டார். புது நோட்டு போட்டு எடுத்துக்கொண்டு வாருங்கள், அப்போது எழுதுகிறேன் என்றார்.

வெளியே வந்து ராகவனிடம் சொன்னேன். இதைச் சொல்வதும் என் வேலை இல்லை. கேட்கிறவன் முதலில் தன் கையிலிருந்து கனமாகக் கொடுக்க வேண்டும். உங்கள் பதினொன்றுதான் எல்லோருக்கும் கூரையாகிவிட்டது, அதற்கு மேல் ஒருவரும் தலை தூக்கவில்லை. ராகவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போய்விட்டார். இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

மூன்றாம் நாள் காலை குரோம்பேட்டையில் என் வீட்டுக்கு வந்தார். காபியைத் தொடவில்லை. கோயிலோ கல்யாணமோ வெள்ள நிவாரணமோ, எந்த நோட்டிலும் தாம் பதினொன்றுக்கு மேல் எழுதியதில்லை என்றார். அதை அடக்கம் என்று நினைத்திருந்தாராம். பையிலிருந்து புது நோட்டை எடுத்தார். நாலு மூலையிலும் மஞ்சள். அதை விடமாட்டார். முதல் வரியில் அவர் பெயர், எதிரே ஒரு மாத ஓய்வூதியம் முழுதும், எண்ணாலும் எழுத்தாலும். வீட்டில் தெரியுமா என்று கேட்டேன். அப்போதுதான் முதல் முறையாக அவர் சிரித்துப் பார்த்தேன்: "சொன்னேன் சார். 'இந்தப் பதினொண்ணை எப்ப விடுவீங்கன்னு இருபது வருஷமா பாத்துக்கிட்டிருக்கேன்'னு சொன்னா."

மூணு மூலை

அன்றைக்கே மறுபடி கன்னியப்பன் கடை. அவர் நோட்டைப் பார்த்தார். முதல் வரியை விரலால் தொட்டுப் பார்த்தார். ராகவனைப் பார்த்தார். நாற்காலியை இழுத்து அவருக்குப் போட்டார். காலனியில் தலைவருக்கு மேலே எழுதினால் மரியாதை இல்லை. ஊர்ப் பக்கத்தில் சட்டம் வேறு. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கன்னியப்பன் என்னிடம் நியாயம் கேட்டார்: "ரிட்டேரான மனுசன், ஒரு மாசப் பென்சன எழுதிக்கீறாரு. நானு அவருக்குக் கீழ எழுதினா இந்த ஊர்ல எனக்கு இன்னா சார் மரியாதை?"

அவர் எழுதியது ஒரு மனை. அவர் போட்ட லே-அவுட்டில் ரோடு திரும்பும் இடத்தில் மிஞ்சிய துண்டு. மூன்றே மூலை. வாஸ்து பார்க்கிற காலம், நாலு வருஷமாக அதை யாரும் வாங்கவில்லை. ராகவனுக்கு முகம் மாறியது. மூன்று மூலை மனை ஆகாது என்று என் காதில் சொன்னார். அவருக்கு மறுக்கவும் வாய் வரவில்லை, ஏற்கவும் மனசு வரவில்லை. டீச்சர் யாரையும் கேட்கவில்லை. பட்டா இருக்கிறதா, ஏரிப் புறம்போக்கு இல்லையே என்று மட்டும் கேட்டார். பட்டா இருந்தது. புறம்போக்கு இல்லை. எழுதுங்கள் என்றார்.

அதன் பிறகு நோட்டு ஊர்ப் பக்கம் தானாக நடந்தது. கன்னியப்பனுக்குக் கீழே எழுதுவதில் அவருடைய பங்காளிகளுக்குச் சம்மதமில்லை. மணல், கதவு, ஜன்னல், கொத்தனார் கூலி என்று வந்தது. செய்தி காலனிக்கும் போயிற்று. அந்த என்ஜினீயர் நோட்டைத் தேடிக்கொண்டு பள்ளிக்கே வந்தார். மே முதல் வாரம் நான் 'தயார்' என்று எழுதினேன். மூன்று மாதத்தில் அப்படி என்ன மாறிவிட்டது என்று அறக்கட்டளையில் என் மேலதிகாரி கேட்டார். நோட்டை மாற்றினார்கள் என்றேன். அவருக்குப் புரியவில்லை. கையெழுத்துப் போட்டார்.

ஜூன்

கட்டடம் எழும்பத் தீபாவளி ஆகும் என்றார்கள். பள்ளி திறக்கும் நாளில் அந்த மனையில் ஒரு கீற்றுக் கொட்டகை மட்டும் நின்றது. மனை எப்படியோ கொட்டகையும் அப்படி. ஒரு பக்கம் ஒடுங்கி, எதிர்ப்பக்கம் விரிந்து. ராகவன் எலுமிச்சம்பழம், பூசணிக்காய், கற்பூரம் எல்லாம் கொண்டுவந்து மூன்று மூலையிலும் வைத்தார். நாலாவது மூலை இல்லாததால் ஒரு எலுமிச்சம்பழம் மிஞ்சியது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் கடைசிவரை கையிலேயே வைத்திருந்தார்.

டீச்சர் ஒடுங்கிய மூலையில் போய் நின்றார். பெஞ்சுகளை விசிறி மாதிரி விரித்துப் போடச் சொன்னார். இருபத்துமூன்று பேரும் உட்கார்ந்தார்கள். நான் வாசலில் நின்று பார்த்தேன். காது கேளாத பிள்ளைக்குப் பேச்சு என்பது வாயசைவு. பழைய வீட்டில் கூடத்தின் நடுவே ஒரு தூண். ஆறு பிள்ளைகள் எப்போதும் அதற்குப் பின்னால்தான். எட்டி எட்டிப் பார்த்துப் பாதி வார்த்தைதான் அவர்களுக்குக் கிடைக்கும். இங்கே எந்தப் பெஞ்சில் உட்கார்ந்தாலும் டீச்சரின் வாய் தெரிந்தது. யாரும் யாரையும் மறைக்கவில்லை. டீச்சர் ஒரு வார்த்தை சொன்னார். இருபத்துமூன்று வாயும் ஒன்றாக அசைந்தன. டீச்சர் என் பக்கம் திரும்பினார். சாக்பீஸை எடுத்துப் பலகையில் தேதி போட்டார்.

கன்னியப்பனும் வந்திருந்தார். மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் டீச்சரைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், தன் மனையை மூலைக்கு மூலை அளந்து பார்த்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து, உண்மையான வருத்தத்தோடு சொன்னார்: "இந்த எடத்துக்கு இப்டி ஒரு சௌகரியம் கீதுன்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா, காசுக்கே வித்திருப்பேனே சார்."

தயாரானவர்களுக்கு நான் தேவைப்படவில்லை, தயாராகாதவர்களுக்கு என்னால் உபயோகம் இல்லை, இருந்தாலும் நான் ஓய்வு பெறும் வரை அந்த அறக்கட்டளை எனக்கு மாதம் தவறாமல் சம்பளம் கொடுத்தது.